அம்மாவின் ஒலிநாடா

இளமையில் கேட்ட பாட்டு முதுமையிலும் செவியை விட்டு அகல்வதில்லை. ஐம்பதைக் கடந்த மேனாட்டார் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால், தம் வாலிபப் பருவத்து ‘ராக்’ பாடல்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லி மகிழ்வார். ஒரத்தநாட்டில் பிறந்து, எண்பதுகளில் அரபி மதரஸாவில் ஓதிய நமக்கும் அப்படி ஒரு பட்டியல் உண்டா என்று அண்மையில் மாணவர் ஒருவர் கேட்டார். உண்டு என்றோம். ஆனால் அதனைச் சொல்ல வாயெடுத்தால் மகிழ்ச்சியோடு வேறொன்றும் சேர்ந்து வருகின்றது. அதையும் ஒளிக்காமல் எழுதுவதே முறை எனத் தோன்றிற்று.

இரண்டாம் சரபோசி மன்னர் முத்தாம்பாள் சத்திரம் எழுப்பிய ஊர் நம் ஊர். 1934-இல் கல்லணைக் கால்வாய் நீரைக் கொண்டுவந்த பின் சுற்றுப்புறமெல்லாம் நெல் விளையும் பூமியாயிற்று. அந்தக் கால்வாயை நம்மவர் இன்றும் ‘புது ஆறு’ என்றே அழைப்பர். எண்பதுகளில் இவ்வூரில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகளில் இளையராஜாவின் இசை; மாலையில் வீடுகளில் இலங்கை வானொலி. அதில் பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் தமிழைக் கேட்டு, ‘நம்மவர் ஒருவர் இப்படிப் பேசுகிறாரே!’ என்று பெருமிதம் கொள்ளாத பிள்ளைகள் நம் தெருவில் இல்லை. ஆனால் திருமண வீட்டு வாசலில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டால், அங்கே ஒலிப்பது ஒரே குரல்தான். அது ‘இசைமுரசு’ நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் குரல்.

அது வெண்கல மணியை ஓங்கி அடித்தாற்போன்ற குரல். தி.மு.க. மேடைகளில் முழங்கிய அதே குரல்தான் மீலாது விழாக்களிலும் முழங்கிற்று. புலவர் ஆபிதீன், கவிஞர் நாகூர் ஸலீம் போன்றோர் இயற்றித் தந்த பாடல்களை, ஒரு சொல்லும் சிதையாமல், வயல் தாண்டி அடுத்த ஊருக்கும் கேட்கும்படி பாடினார். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்னும் பாடலை அறியாத தமிழர் உண்டோ? நம் தெருவுக்கு நெல் அளக்க வரும் மாற்று மதச் சகோதரரும் அதனை முணுமுணுத்துக்கொண்டுதான் மரக்காலை எடுப்பார்.

அரபு நாட்டில் வேலை செய்த நம் தாய்மாமன் 1985-இல் விடுமுறைக்கு வந்தபோது ஒரு டேப்ரிக்கார்டர் கொணர்ந்தார். அதனோடு ஹனீபா அவர்களின் ஒலிநாடா ஒன்றையும் வாங்கித் தந்தார். அந்த நாடாவின் உரிமையாளர் நம் அம்மாதான். அம்மாவுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. குர்ஆனைப் பார்த்து ஓதுவார், பொருள் தெரியாது. அன்னை பாத்திமா (ரலி) அவர்களின் எளிய வாழ்வையும், கர்பலாவின் துயரத்தையும் அந்தப் பாடல்களின் வழியேதான் அவர் அறிந்தார். கொல்லையில் நெல் அவிக்கும்போது திண்ணையில் நாடா ஓடும். அண்டாவின் ஆவிக்கு நடுவே நின்று அம்மாவும் கூடவே பாடுவார். நாடா சிக்கிக்கொண்டால், அதன் பல்சக்கரத்தில் பென்சிலை நுழைத்துச் சுற்றிச் சரிசெய்து கொடுப்பது நம் வேலை.

இதில் புதுமை ஏதுமில்லை. நம் முன்னோர் கிஸ்ஸா என்றும், நாமா என்றும், முனாஜாத்து என்றும், மாலை என்றும் மார்க்கத்தைத் தமிழில் பாட்டாக்கியே பெண்மக்களின் கையில் கொடுத்தார்கள். ‘பெண்புத்திமாலை’யை மனனம் செய்த பாட்டிமார் எத்தனையோ பேர். அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது ஒலிநாடா. இந்த உண்மை நமக்கு அப்போது விளங்கவில்லை.

1991-இல் ஆலிம் ஸனது பெற்று ஊர் திரும்பினோம். தலையில் புதுத் தலைப்பாகை. நெஞ்சில் புது வேகம். இசைக் கருவிகள் கூடுமா, கூடாதா என்னும் பாடத்தில் கடுமையான பக்கத்தையே நாம் பற்றியிருந்தோம். அக்காலத்தில் நம்மை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. கேட் ஸ்டீவன்ஸ் என்று உலகெங்கும் புகழ்பெற்றிருந்த ஆங்கிலப் பாடகர் 1977-இல் இஸ்லாத்தைத் தழுவி, யூசுஃப் இஸ்லாம் எனப் பெயர் பூண்டு, 1979-இல் தம் கிதார்களை ஏலத்தில் விற்று அறப்பணிக்குக் கொடுத்துவிட்டார் என்பதே அது. கோடிக்கணக்கானோர் கேட்ட பாடகரே துறந்தார் என்றால், நம் வீட்டுத் திண்ணையில் ஆர்மோனியம் ஒலிக்கலாமா?

அம்மாவிடம் இதைத்தான் சொன்னோம். அம்மா மறுத்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. “நீங்க ஓதுன புள்ள. நீங்க சொன்னா சரிதான் அத்தா” என்றார். பிள்ளையை ‘அத்தா’ என்று அழைப்பது அவர் செல்லம். அன்று அந்தச் சொல்லில் செல்லத்தைவிட மரியாதையே மிகுந்திருந்தது. டேப்ரிக்கார்டரை அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அதன்பின் நெல் அவிக்கும் கொல்லை அமைதியாயிற்று. அந்த அமைதியை நாம் தக்வா என்று எண்ணிக்கொண்டோம்.

ஆண்டுகள் சென்றன. ஓதிக் கொடுக்க உட்கார்ந்த பிறகுதான், நாம் ஓதியவை ஒவ்வொன்றாய் நமக்குப் புரியத் தொடங்கின. பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடிக்கொண்டிருக்க, அபூபக்கர் (ரலி) அவர்கள் அதட்டியபோது, ‘விட்டுவிடுங்கள், இது பெருநாள்’ என்னும் கருத்துப்படத் தடுத்தவர்கள் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா’வில் இசை கேட்பதன் ஒழுங்குகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். இவற்றை நாம் மதரஸாவில் படிக்காமல் இல்லை. படித்தும், நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டோம். 2006-இல் யூசுஃப் இஸ்லாம் அவர்களும் மீண்டும் கிதாருடன் பாடி இசைத்தட்டு வெளியிட்டார். மகன் வீட்டுக்குக் கொணர்ந்த கிதாரே தம்மைத் திரும்ப இசைக்கு அழைத்தது என்றும் சொன்னார். அந்தச் செய்தியைப் படித்த அன்றே அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் தடுத்தது. 2009-இல் அம்மா அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றுக்கொண்டார்.

2015 ஏப்ரல் 8-ஆம் நாள் ஹனீபா அவர்கள் மறைந்த செய்தி வந்தது. மறுநாள் அக்காள் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து நம் முன் வைத்தார். உள்ளே அந்த ஒலிநாடா, துணியில் சுற்றியபடி இருந்தது. “அம்மா எங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்பாங்க. ‘தம்பிக்குத் தெரிய வேணாம், மனசு வருத்தப்படும்’னு சொல்லுவாங்க” என்றார்.

நாம் வருந்தக் கூடாதென்று, பதினெட்டு ஆண்டுகள் தம் மகிழ்ச்சியை மறைத்தே வாழ்ந்திருக்கிறார் அம்மா. ஏழாண்டு ஓதியும் நம்மிடம் அந்தப் பக்குவம் இருக்கவில்லை.

இசைக் கருவிகள் குறித்து அறிஞர்களிடையே உள்ள கருத்து வேற்றுமை நீண்டது. அதனை இக்கட்டுரையில் தீர்க்கும் எண்ணம் நமக்கில்லை. பேணுதலை நாம் இன்றும் மதிக்கின்றோம். ஆனால் பேணுதல் முதலில் நம் நஃப்ஸோடு நிற்கட்டும். ஸனது பெற்று ஊர் திரும்பும் மாணவர்களிடம் இப்போதெல்லாம் ஒன்றைச் சொல்லி அனுப்புகின்றோம்: “வீட்டுக்குப் போனதும் எதையும் தடுக்காதீர்கள். ஓராண்டு உம்மாவின் அருகில் உட்கார்ந்து, அவர் எதைக் கேட்டு அழுகிறார், எதைக் கேட்டு அல்லாஹ்வை நினைக்கிறார் என்று பாருங்கள்.”

அந்த நாடா பூஞ்சை பிடித்து ஓடாமற் போயிற்று. பாடல்கள் எங்கும் போய்விடவில்லை. மாணவர் தம் கைப்பேசியில் நொடியில் எடுத்துத் தருகிறார். அந்தக் குரல் அப்படியே இருக்கின்றது. கொல்லையிலிருந்து உடன் பாடிய குரல்தான் அதில் இல்லை.

வல்ல நாயன் அம்மாவின் கப்ரை ஒளியாக்கி வைப்பானாக, நம்மையும் பொறுத்தருள்வானாக. ஆமீன்.