சேலம் டு சென்னை: அம்மாவுக்கு ஒரு லோயர் பெர்த்

சேலத்துக்காரங்களுக்கு ரயில் விஷயத்துல ஒரு சாபம் இருக்கு மக்களே. தூரம் சரியில்லை.

மதுரைக்காரர் பாண்டியன்ல ஏறிப் படுத்தா விடியற நேரத்துக்கு தாம்பரம். நெல்லைக்காரருக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஒரு முழு ராத்திரி. கோயம்புத்தூர்க்காரருக்கு சேரன், நீலகிரி. நமக்கு? ஜங்ஷன்ல இருந்து சென்ட்ரல் சுமார் 335 கிலோமீட்டர்தான். அஞ்சு, அஞ்சரை மணி நேர ஓட்டம். ஒண்ணு ராத்திரி பத்து மணிக்கு ஏறி விடியற்காலை நாலு மணிக்கு கண்ணைக் கசக்கிட்டு இறங்கணும். இல்லைன்னா பன்னெண்டு, ஒண்ணு வரைக்கும் பிளாட்பாரத்துல கொட்டாவி விட்டுட்டு, ஏறினதும் "காட்பாடி போயிடுச்சா"ன்னு கேட்டுட்டே ஆறரைக்கு இறங்கணும். எட்டு மணி நேரம் தூங்கிட்டு போற மாதிரி வண்டி சேலத்துக்கு கிடையாது. நமக்கு வாய்ச்சது அவ்வளவுதான்.

நான் தனியா போறதா இருந்தா இதெல்லாம் யோசிக்கவே மாட்டேன். புது பஸ் ஸ்டாண்டுல ஏதாவது ஒரு பஸ்ஸைப் பிடிச்சு போய்க்கிட்டே இருப்பேன். இந்தத் தடவை கூட வர்றது அம்மா. வயசு 68. சர்க்கரை கண்ணுக்கு ஏறிடுச்சு. இடது கண்ணுல ஏற்கெனவே மங்கல்தான், இப்ப வலது கண்ணுலயும் விழித்திரையில கசிவுன்னு இங்க டாக்டர் சொல்லிட்டு, சென்னைக்கு எழுதிக் கொடுத்துட்டார். நுங்கம்பாக்கத்துல காலைல ஒன்பது மணிக்கு அப்பாயின்மென்ட். அந்த ஒரு கண்ணை வச்சுத்தான் அம்மா இன்னும் பேப்பர் படிக்கறாங்க, அரிசியில கல் பொறுக்கறாங்க. சாயங்காலம் ஆச்சுன்னா மொட்டை மாடிப் படி இறங்க சுவரைப் பிடிச்சுக்கறாங்க. ஆக, இந்தப் பயணத்துல "சொகுசு"ங்கற வார்த்தைக்கு அர்த்தமே வேற.

"வந்தே பாரத்துல போலாமே சார்"னு ஆபீஸ்ல எல்லாரும் சொன்னாங்க. நல்ல வண்டிதான். 2023 ஏப்ரல்ல கோவைக்கு விட்டாங்க, சேலத்துல நிக்குது. ஆனா காலைல சேலத்துல ஏறினா சென்ட்ரல் போய்ச் சேர மதியத்தை நெருங்கிடும். ஒன்பது மணி டோக்கனுக்கு அது ஆகாது. முந்தின நாளே போய் லாட்ஜ்ல தங்கறதுக்கு அம்மா ஒத்துக்கல. சொந்தக்காரங்க வீடு அயனாவரத்துல இருக்கு, அங்க போய் விருந்தாளியா உட்கார்ந்து சர்க்கரை இல்லாத காபி கேட்டு தொந்தரவு பண்ண மாட்டேன்னுட்டாங்க. பஸ்ஸுன்னா கழிவறை கிடையாது, சர்க்கரைக்காரங்களுக்கு அது ஒத்துவராது. ராத்திரி ரயில்தான்னு முடிவாச்சு.

எந்த வண்டிங்கறதுதான் முதல் கேள்வி. நேரமெல்லாம் டைம்டேபிள் மாத்தும்போது கால் மணி, அரை மணி நகரும், அதனால தோராயமா சொல்றேன், ஏறறதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க.

நீலகிரி, சேரன் ரெண்டுமே சேலத்துக்கு நடுராத்திரி தாண்டித்தான் வரும். சென்ட்ரல்ல இறங்கற நேரம் என்னமோ அருமையான நேரம்தான், ஆறரை வாக்கில. ஆனா ஒரு மணிக்கு ஏறும்போது பெட்டி பூரா இருட்டு. எல்லாரும் போர்வைக்குள்ள. செல்போன் டார்ச் அடிச்சு நம்பர் தேடணும், நம்ம கீழ் பெர்த்துல வேற யாராவது படுத்திருந்தா எழுப்பணும், நடைபாதையில யார் செருப்போ தடுக்கும். நல்லா கண்ணு தெரியறவங்களுக்கே இது ஒரு தடை ஓட்டம். அம்மாவை வச்சுட்டு வேண்டவே வேண்டாம்.

இன்னொரு பொறியும் இருக்கு. நடுராத்திரிக்கு மேல சேலத்துக்கு வர்ற வண்டிக்கு தேதி மாறிடும். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டு கிளம்பி ஸ்டேஷன் போறீங்கன்னா, 12.45க்கு வர்ற வண்டிக்கு டிக்கெட்ல சனிக்கிழமை தேதி இருக்கணும். எங்க தெருவுல ஒரு மாமா, சனிக்கிழமை தேதி போட்ட டிக்கெட்டை எடுத்துக்கிட்டு சனிக்கிழமை ராத்திரி மல்கோவா கூடையோட ஜம்முனு போனார். வண்டி 24 மணி நேரத்துக்கு முன்னாடியே போயிருந்துச்சு. மாம்பழத்தை எங்க வீட்டுக்கும் கொடுத்தார், அதனால எனக்கு பெரிய வருத்தம் இல்லை :-)

ஏற்காடு எக்ஸ்பிரஸ் அடுத்தது. பேருதான் ஏற்காடு, கிளம்பறது ஈரோட்டுல. மலைக்கும் அதுக்கும் உறவு பேருல மட்டும்தான். ராத்திரி பத்து வாக்கில சேலம், விடியற்காலை நாலு வாக்கில சென்ட்ரல். எங்க வீட்டுக்கு இது அப்பாவோட வண்டி. சின்ன வயசுல சென்னைன்னா ஏற்காடுதான். ஹோல்டாலை உருட்டிக் கட்டி, மண் கூஜாவுல தண்ணி, மந்தார இலையில மிளகாப்பொடி தடவின இட்லி. டிக்கெட்டுக்கு க்யூவுல நிக்கறது, பெட்டி எங்க நிக்கும்னு போர்ட்டர்கிட்ட விசாரிக்கறது, எல்லாரும் படுத்தப்புறம் பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டறது எல்லாம் அவர் பார்த்துக்குவார். அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா ரயிலே ஏறல.

மூணாவது, சேலத்துலயே கிளம்பற எழும்பூர் வண்டி. ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம், விழுப்புரம் வழி. ஒன்பதரை வாக்கில கிளம்பி நாலு மணிக்கு முன்ன பின்ன எழும்பூர். நான் இதைத்தான் எடுத்தேன். காரணம் ஒண்ணே ஒண்ணு. இங்கயே புறப்படற வண்டிங்கறதால முன்கூட்டியே பிளாட்பாரத்துல வந்து நிக்கும். ரெண்டு நிமிஷத்துல முட்டி மோதி ஏற வேண்டியதில்லை. விளக்கு எரியும்போதே ஏறி, படியில ஒரு கால், கம்பியில ஒரு கைன்னு அம்மா நிதானமா ஏறலாம். கழிவறையும் அப்பதான் கழுவி, தொட்டியில தண்ணி ரொம்பி இருக்கும். நம்ம பெர்த்துல யாரும் முன்னாடியே படுத்திருக்க முடியாது. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க, வேகமான வண்டியைத் தேடறதை விட, நம்ம ஊர்ல புறப்படற வண்டியைத் தேடறது நல்லது.

இன்னொரு லாபமும் உண்டு. கோயம்புத்தூர்ல இருந்து வர்ற வண்டியில சேலத்துக்குன்னு ஒதுக்கற இடம் கொஞ்சம்தான். வெயிட்டிங் லிஸ்ட் நகரவே நகராது. அதுல போயே ஆகணும்னா, ஈரோட்டுல இருந்தே டிக்கெட் எடுத்து, ஏறுமிடம் சேலம்னு போட்டுக்கறவங்க இருக்காங்க. கொஞ்சம் காசு கூட, ஆனா செல்லும்.

அப்புறம் வகுப்பு. இங்கதான் அம்மாவுக்கும் எனக்கும் மூணு நாள் பஞ்சாயத்து.

"ராத்திரி தூங்கறதுக்கு எதுக்குடா இவ்வளவு காசு? ஸ்லீப்பர்ல போனா காத்தும் வரும்."

காத்து வரும்தான். கூடவே தூசியும் வரும். ஊசி போட வேண்டிய கண்ணுல ராத்திரி பூரா ஜன்னல் தூசி விழறதுக்கு நான் தயாரா இல்லை. மூணடுக்கு ஏசின்னா நடு பெர்த் ஒரு தொல்லை. ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும்தான் நடு பெர்த்தை மாட்டலாம்னு விதி. மாட்டினப்புறம் கீழ இருக்கறவங்க நிமிர்ந்து உட்கார முடியாது. அம்மா ராத்திரி ரெண்டு தடவையாவது எந்திரிப்பாங்க. இருட்டுல தலை இடிச்சா? அதனால ரெண்டடுக்கு ஏசி. நடு பெர்த்தே கிடையாது. உட்காரலாம், திரை இருக்கு, கம்பளி குடுப்பாங்க. "குளிர் காதுல போகும்"னு அம்மா சொன்னதுக்கு குரங்குக் குல்லா வாங்கிக் குடுத்து சமாதானம் பண்ணியாச்சு.

இப்ப இந்தப் பதிவோட முக்கியமான சமாச்சாரம், கீழ் பெர்த். 60 வயசுக்கு மேல ஆண்கள், 45 வயசுக்கு மேல பெண்கள், இவங்களுக்குன்னு ஒவ்வொரு பெட்டியிலயும் சில கீழ் பெர்த்து ஒதுக்கி வச்சிருக்காங்க. நிறைய பேருக்குத் தெரியாத சங்கதி, அந்த ஒதுக்கீடு தனியா போறவங்களுக்கும், ரெண்டு பேரும் அந்த வயசுக்குள்ள வர்றவங்களுக்கும்தான். அம்மா பேரோட 44 வயசு பையன் பேரையும் ஒரே டிக்கெட்டுல போட்டா, அந்த ஒதுக்கீட்டை மறந்துட வேண்டியதுதான். பெரியவங்களைத் தனியா அனுப்பினா கீழ் பெர்த், துணைக்கு பையன் வந்தா கிடையாது! இந்த விதியை எழுதினவர் தன் அம்மாவோட ரயில்ல போனதில்லைன்னு நினைக்கறேன். (46 வயசு அக்கா கூட வந்திருந்தா ரெண்டு பேருக்கும் செல்லுபடியாகியிருக்கும். அக்கா வேற ஊர்ல.)

தனித்தனியா ரெண்டு டிக்கெட் போடலாம். அம்மா ஒரு பெட்டி, நான் ஒரு பெட்டின்னு விழுந்தா என்ன பண்றது? ராத்திரி மூணு மணிக்கு அம்மா எந்திரிச்சு சுவரைத் தேடும்போது நான் வேற பெட்டியில குறட்டை விட்டுட்டு இருந்தா, துணைக்குப் போனதுக்கு அர்த்தமே இல்லை. ஐ.ஆர்.சி.டி.சி தளத்துல கீழ ஒரு சின்ன கட்டம் இருக்கு. "குறைஞ்சது ஒரு கீழ் பெர்த்தாவது கிடைச்சா மட்டும் டிக்கெட் போடு"ங்கற மாதிரி. பொது ஒதுக்கீட்டுல, ஒரே டிக்கெட்டுல ரெண்டு பேரையும் போட்டு, அந்தக் கட்டத்தைத் தட்டி விட்டா, கிடைச்சா கீழ் பெர்த், கிடைக்கலைன்னா டிக்கெட்டே போடாது.

அதுக்கு சீக்கிரமே போகணும். முன்பதிவு முன்ன 120 நாளைக்கு முன்னாடி திறக்கும், 2024 நவம்பர்ல இருந்து 60 நாள் ஆக்கிட்டாங்க. காலைல எட்டு மணிக்குத் திறக்கும். 2025 அக்டோபர்ல இருந்து திறக்கற நேரத்துல ஆதார் சரிபார்த்த கணக்குக்குத்தான் வழி, அதனால முந்தின வாரமே அந்த வேலையை முடிச்சு வச்சுக்கோங்க. தட்கலை நம்பி பெரியவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க, அதுல பெர்த்து எங்க விழும்னு சொல்லவே முடியாது. மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சுல நிறுத்தினது இன்னும் திரும்பி வரல. அதனால அம்மாவுக்கும் முழு டிக்கெட்தான். இதைச் சொன்னதும் அம்மா மறுபடியும் ஸ்லீப்பர் பேச்சை எடுத்தாங்க.

கிடைச்சது 7, 8. ரெண்டடுக்கு ஏசியில ஆறு ஆறா பிரிச்சுப் பார்த்தா 7 கீழ், 8 அதுக்கு நேர் மேல. ரெண்டாவது தடுப்பு. "கழிவறை பக்கத்துல பெர்த் வேண்டாம்"னு பொதுவா எல்லாரும் சொல்லுவாங்க, கதவு படார் படார்னு அடிக்கும்னு. சர்க்கரைக்காரங்களுக்கு அந்த உபதேசம் பொருந்தாது. முதல் தடுப்பா இருந்தா சத்தம், நடுப் பெட்டியா இருந்தா ஓடற வண்டியில கம்பியைப் பிடிச்சுட்டு நீளமா நடக்கணும். ரெண்டாவது தடுப்புன்னா பத்து எட்டு. நம்பரை நாம கேட்டு வாங்க முடியாது, இது விழுந்த அதிர்ஷ்டம்.

மீதி நாலு மணி எழும்பூர் பிரச்னை. ஒன்பது மணி வரைக்கும் எங்க உட்காரறது? உறுதியான டிக்கெட்டோட பி.என்.ஆர் இருந்தா ஸ்டேஷன்லயே ஓய்வறை பதிவு பண்ணலாம். அது கிடைக்கலைன்னா மேல் வகுப்பு காத்திருப்பு அறை, டிக்கெட் காட்டினா விடுவாங்க. அம்மாவுக்கு காலைல ஊசி மருந்து இருக்கு, அதுக்கப்புறம் அரை மணிக்குள்ள சாப்பிட்டாகணும். அதனால இட்லி வீட்டுல இருந்தே வருது. இன்சுலினை பெட்டியில போடாம கைப்பையிலயே வச்சுக்கணும், கூட ரெண்டு குளுக்கோஸ் பிஸ்கெட் பாக்கெட். எழும்பூர்ல சீரமைப்பு வேலை நடக்கறதால எந்தப் பக்கம் வெளிய போறதுன்னு இறங்கினதும் கேட்டுக்கணும். அங்கிருந்து நுங்கம்பாக்கம் ஆட்டோவுக்கு பக்கம்தான்.

திரும்பி வர்றதுக்கும் இதே வண்டி. அந்தப் பக்கம் நள்ளிரவை ஒட்டி கிளம்பி காலைல ஆறு வாக்கில சேலம். கண்ணுல மருந்து ஊத்தி மங்கலா இருக்கறப்ப, விடிஞ்சப்புறம் சொந்த ஊர்ல இறங்கறது எவ்வளவோ தேவலை. ஜங்ஷன்ல இருந்து ஃபேர்லேண்ட்ஸ் கால் மணி நேரம். அஞ்சு ரோடு தாண்டறதுக்குள்ள அம்மா பால்காரர் வந்திருப்பாரான்னு கேட்க ஆரம்பிச்சுடுவாங்க.

கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கு. நேத்து அம்மா பரண்ல இருந்து ஹோல்டாலை இறக்கச் சொன்னாங்க. ஏசியில படுக்கை விரிப்பு, தலகாணி எல்லாம் அவங்களே குடுப்பாங்கம்மான்னு சொன்னேன்.

"தெரியும்டா. சும்மா தட்டி வெயில்ல போடலாம்னுதான்."

இறக்கிக் குடுத்தேன். பக்கிள்ல ஒண்ணு துரு ஏறி ஒட்டிக்கிச்சு, எண்ணெய் போட்டு வச்சிருக்கேன்.