அரைக்கட்டை இறக்கி...

எங்கள் வகுப்பில் ராக் பைத்தியம் ஒருவன் இருக்கிறான். செமஸ்டருக்கு மூன்று அரியர் வைத்தாலும் வைப்பானே தவிர, காதிலிருந்து ஹெட்போனை எடுக்க மாட்டான். ஒருநாள் சாயங்காலம் புதுக்கோட்டை ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவன் ஒரு கேள்வியைக் கிளப்பினான். "ஒரு குழுவுல மெயின் பாட்டுக்காரன் செத்துப்போனா, குழுவக் கலைச்சிரணுமா? வேற ஆள வச்சு ஓட்டலாமா?"

ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். ஐந்தே மாதத்தில் பிரையன் ஜான்சன் என்பவரைப் பாடவைத்து 'பேக் இன் பிளாக்' கொண்டுவந்தார்கள். உலகமே வாங்கியது. குவீன் குழுவின் ஃப்ரெடி மெர்குரி (நம்ம மகாராஷ்டிரா பஞ்ச்கனியில் பள்ளிக்கூடம் படித்தவராம்!) 1991 நவம்பரில் போனார். பல வருஷம் கழித்து ஆடம் லாம்பெர்ட் என்ற சின்னப் பையனை முன்னால் நிறுத்தி ஊர் ஊராகப் பாடினார்கள். "அது ஃப்ரெடி இல்லாத குவீன்லே. தண்ணியில்லாத தாமிரபரணி. காசு குடுத்துப் பாப்பியா?" என்றான் ஒருவன். "பாட்டு அதே பாட்டுதானலே!" என்றான் இன்னொருவன். டீக்கடை அண்ணாச்சி க்ளாஸைத் திருப்பிக் கேட்கும்வரை சண்டை நடந்தது. நான் வாயே திறக்கவில்லை. இந்தச் சண்டை எங்கள் வீட்டில் சத்தமில்லாமல் ரொம்ப நாளாக நடந்துகொண்டிருந்தது.

என் அப்பா பகலில் உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. ராத்திரியில் எஸ்.பி.பி.! அதாவது, கொடை விழாக்களில் பாடும் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபது வருஷத்துக்கு மேல் அவர்தான் 'எஸ்.பி.பி. வாய்ஸ்'. சித்திரையும் ஆடியும் வந்துவிட்டால் வீட்டில் இருக்கமாட்டார். சிவப்புச் சட்டை, வெள்ளைப் பேண்ட், கழுத்தில் ஒரு மஃப்ளர். 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மோகன் என்று நினைப்பு. அந்தப் படம் வந்த 1982-ல் அப்பாவுக்கு ஆறு வயசு!

2019-ல் தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் ஆனது. உயிருக்கு ஒன்றுமில்லை. பேச்சு வந்தது, கொஞ்சம் கரகரப்பாக. பாட்டு வரவில்லை. குழு என்ன செய்யும்? ஒத்துக்கொண்ட கொடைகள் இருக்கின்றனவே! ஒரு பையனைச் சேர்த்தார்கள். அதன்பிறகு அப்பா எந்தக் கொடைக்குப் போனாலும் சாமி கும்பிடுவார், திருநீறு பூசுவார், மேடையில் மைக் டெஸ்டிங் கேட்கும் முன்னால் வீடு திரும்பிவிடுவார். "அவனும் நல்லாத்தாம் பாடுதான்" என்று அம்மா ஒருமுறை சொன்னாள். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை.

அடுத்த வருஷம் கொரோனா. 2020 ஆகஸ்ட் 5, நம்ம பனிமயமாதா திருவிழா நாள். ஜனமே இல்லாமல் திருவிழா நடந்தது. அன்றைக்குத்தான் எஸ்.பி.பி. ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அப்பா தினமும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார். செப்டம்பர் 25 மத்தியானம் எல்லாம் முடிந்தது. அப்பா எழுந்து உப்பளத்துக்குப் போய்விட்டார். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். அவர் யாருக்காகத் துக்கப்பட்டார் என்று எனக்குச் சரியாகப் புரியவில்லை.

2025 ஜனவரியில், பொங்கல் கழிந்ததும், நெல்லையில் இளையராஜா கச்சேரி. அப்பாவை எப்படியாவது கூட்டிப்போய்விடுவது என்று சித்தப்பாவும் நானும் முடிவு செய்தோம். "எஸ்.பி.பி. இல்லாம என்னலே கச்சேரி?" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, சட்டையை மாட்டினார்.

வாகைக்குளம் தாண்டியபிறகு பஸ்ஸில் பேச ஆரம்பித்தார். சினிமாவில் பெயர் எடுப்பதற்கு முன்னால் எஸ்.பி.பி.யே ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார்; இளையராஜாவும் அவர் தம்பி கங்கை அமரனும் அதில் வாசித்தார்கள். ஆக, அந்தக் குழுவின் முதல் பாட்டுக்காரர் எஸ்.பி.பி.தான்! அதற்கும் முன்னால் அனந்தபூரில் இன்ஜினியரிங் படிக்கப் போய், டைபாய்டு வந்து படிப்பு நின்றுபோனவர். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் ஆறுதல் அடையலாம்.) 2017-ல் ராயல்டி விவகாரம். இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. அமெரிக்காவில் மேடை மேடையாகப் பாடிக்கொண்டிருந்த எஸ்.பி.பி., இனி ராஜா பாட்டு பாடவில்லை என்று அறிவித்தார். 2019 ஜூனில் சென்னையில் இருவரும் திரும்ப ஒரே மேடை ஏறினார்கள். "ரெண்டு வருசம் பாட்டு இல்லாத பாட்டுக்காரன். இப்பம் பாட்டுக்காரன் இல்லாத பாட்டு" என்றார் அப்பா. வல்லநாடு வரை அப்புறம் பேச்சே இல்லை.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். எங்களுக்குக் கிடைத்தது கடைசிப் பக்கம். இளையராஜா ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தார். எஸ்.பி.பி. பாட்டு ஒன்று ஆரம்பித்தது. எந்தப் பாட்டு என்று எழுத மாட்டேன், அப்பா இதைப் படிப்பார். பாட வந்தவர் பெயரைச் சொன்னார்கள், விசிலில் காதில் விழவில்லை. நன்றாகவே பாடினார். எஸ்.பி.பி. ஒரு வரியின் நடுவில் சின்னதாக ஒரு சிரிப்பு வைப்பாரே, அந்த இடம் வந்தது. பாடியவர் சிரிக்கவில்லை. நேராகக் கடந்து போனார். ஆனால் எங்களைச் சுற்றி நின்ற நூறு இருநூறு பேர், சேலைக்காரம்மா, போலீஸ்காரர், சுண்டல் விற்கிற பையன் உட்பட, அந்தச் சிரிப்பைச் சரியாக அந்த இடத்தில் சிரித்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்பா என் தோளைப் பிடித்தார். "பாத்தியாலே, அவம் அந்தச் சிரிப்பப் போடல. போட்டிருந்தாம்னா அது மிமிக்ரி. எடத்த விட்டுட்டான் பாரு, அவம் பாட்டுக்காரன்."

திரும்பும்போது புரோட்டாக் கடையில் ஆறு புரோட்டா சாப்பிட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆடிக் கொடை. மேடையில் மைக் டெஸ்டிங் ஆரம்பித்தது. அப்பா கிளம்பவில்லை. பந்தல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் பக்கத்திலேயே நின்றேன், பயமாகத்தான் இருந்தது. அந்தப் பையன் வந்தான். என்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். அதே சிவப்புச் சட்டை! முதல் பாட்டு பரவாயில்லை. இரண்டாவதில் மேல் ஸ்தாயியில் தொண்டை பிசிறியது. முன்வரிசையில் ரெண்டு பேர் ஊளையிட்டார்கள். மூன்றாவது பாட்டிலும் அதே இடத்தில் அதே பிசிறல். அப்பா முகத்தைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்த சந்தோஷம் அதில் இல்லை.

"கீபோர்டுக்காரனுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு. என் சுருதியிலயே வச்சு அவன் தொண்டையக் கிழிக்கான்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேடைக்குப் பின்னால் போனார். நான் ஓடினேன். கீபோர்டு அண்ணன் அவரைப் பார்த்ததும் வாசிக்கிற கையை அப்படியே நிறுத்திவிட்டார். "அரைக்கட்டை எறக்கு" என்றார் அப்பா. "அண்ணே, இது உங்க..." என்று இழுத்தார் அவர். "எறக்குடே. அவனுக்கு இதுதாம்."

அண்ணன் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒருமுறை அழுத்தினார். பையன் திரும்பி அப்பாவைப் பார்த்து, மைக்கோடு சேர்த்துக் கும்பிட்டான். ரிதம் பேடில் கவுண்ட் கொடுத்தார்கள். ஒன், டூ, த்ரீ...

(மூன்றாம் ஆண்டு, மின்னியல்)