ஜட்ஜுக்கு மேல யாருப்பா?

கெலவரப்பள்ளி அணையைப் பார்த்திருக்கிறீர்களா? ஓசூருக்குப் பக்கத்தில்தான். தென்பெண்ணை நம் எல்லைக்குள் வந்ததும் தேங்குகிற முதல் அணை. பெங்களூரின் கழிவும் கூடவே வருவதால், மதகைத் திறந்தால் வெள்ளைவெளேரென்று நுரை பொங்கும். பார்க்க ஊட்டி மாதிரி இருக்கும்... மூக்கைப் பொத்திக்கொண்டால்!

அந்தக் கரையில் உட்கார்ந்துதான் சித்தப்பா கேட்டார். ஒரு ஏக்கர் நிலத்துக்குப் பாகப்பிரிவினை வழக்கு. பதினோரு வருஷமாக வாய்தா. எந்த ஊர் கோர்ட் என்று சொல்லமாட்டேன்.

"ஏட்டு அடிச்சா எஸ்.பி.கிட்ட போலாம். தாசில்தார் இழுத்தடிச்சா கலெக்டர்கிட்ட போலாம். ஜட்ஜுக்கு மேல யாருப்பா?"

"அப்பீல் போலாம் சித்தப்பா" என்றேன், பெரிய மேதாவி போல.

"தீர்ப்பு வந்தாத்தானே அப்பீலு?"

வாயை மூடிக்கொண்டு, ஒரு வக்கீல் நண்பரிடம் போய்க் கேட்டேன். கீழ்க்கோர்ட் நீதிபதிகளுக்கு மேலே இருப்பது ஹைகோர்ட். அரசியல் சட்டத்தின் 235-வது பிரிவு அந்தப் பிடியைக் கொடுத்திருக்கிறது. மாற்றல், பதவி உயர்வு, விசாரணை எல்லாம் அவர்கள் கையில். சென்னை ஹைகோர்ட்டில் இதற்கென்றே விஜிலன்ஸ் பதிவாளர் உண்டு. ஆனால், மொட்டைக் கடுதாசி செல்லாது. பெயர் போட்டு, பிரமாணப் பத்திரம் வைக்கவேண்டும். அதுவும் நியாயம்தானே? தோற்றவரெல்லாம் எழுதிப்போட ஆரம்பித்தால், நேர்மையான நீதிபதி எப்படி நிம்மதியாகத் தீர்ப்பு சொல்வார்?

சரி, ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளே தப்பு செய்தால்? 1999-லிருந்து நீதிபதிகளே நீதிபதியை விசாரிக்க ஓர் உள் ஏற்பாடு இருக்கிறது. பதவியைப் பறிக்கவோ பார்லிமென்ட்தான் வேண்டும். மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்துப் போட்டு ஆரம்பிக்கவேண்டும். பிறகு மூன்று பேர் குழு, அதன்பிறகு இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு.

1993 மே மாதம் நம்ம ஊர்க்காரரான சுப்ரீம் கோர்ட் நீதிபதி வி.ராமசாமி மீது அப்படி ஒரு தீர்மானம் வந்தது. பஞ்சாப்-ஹரியானா தலைமை நீதிபதியாக இருந்தபோது பங்களாவுக்குச் செய்த செலவுதான் பெரிய புகார். விசாரணைக் குழு, பல குற்றச்சாட்டுகள் நிரூபணமானதாகச் சொன்னது. மக்களவையில் ஆதரவாக 196 ஓட்டு. எதிர்த்து? ஒன்றுகூட இல்லை! ஆனாலும் தீர்மானம் தோற்றது. காங்கிரஸ்காரர்கள் உட்பட 205 பேர் ஓட்டே போடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இதையெல்லாம் சொன்னேன். சித்தப்பாவுக்கு டெல்லி கதையில் அக்கறையில்லை. "எனக்கு ஒரு மனு எழுதிக் குடு" என்றார். எழுதினேன். பேனாவை வாங்கியவர், கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்தார்.

"இதைப் போட்டா, என் கேஸை வேற ஜட்ஜ் பாப்பாரா?"

"விசாரணை முடியிற வரைக்கும் அவரே இருந்தாலும் இருப்பாரு."

மனுவை நாலாக மடித்து, பட்டா நகல் இருந்த பிளாஸ்டிக் கவரில் செருகினார். "மொதல்ல இந்த வாய்தா போயிட்டு வர்றேன்."