அடுப்படி என்னும் சந்தை

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். பழமொழி பொய்யல்ல. ஆனால் அந்தக் கணக்கில் எழுதப்படாமல் விட்டுப்போகும் வரவு ஒன்று உண்டு என்பது நமது அபிப்பிராயம். விற்ற பண்டத்தின் விலையை வரவில் எழுதுகிறோம். விதை, எரு, ஆள் கூலி, உழவு யந்திரத்தின் வாடகை ஆகியவற்றைச் செலவில் எழுதுகிறோம். வீட்டார் உண்டதை மாத்திரம் எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை. சிறு விவசாயி வீட்டில் சாப்பாடு நன்றாயிருப்பதும் கெட்டுப்போவதும் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியைப் பொறுத்த விஷயம்.

பட்டணத்து நண்பர்கள் நம்மைக் காணும்போதெல்லாம், “உங்களுக்கென்ன குறை ஐயா! பாலும் காயும் வாசலிலேயே விளைகின்றன” என்று பெருமூச்சு விடுவதுண்டு. அவர்கள் ஒரு நாள் மாலை நம் ஊர்க் கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பார்க்கவேண்டும். காலையில் கறந்த பாலில் கடைசிச் சொட்டுவரை சங்கத்தில் ஊற்றிவிட்ட வீட்டுக் குழந்தை, மாலையில் கடும் தேநீருக்குத் தொட்டுக்கொள்ளப் பிஸ்கோத்து வாங்க வருகிறது. நிலக்கடலையை மூட்டை மூட்டையாக வண்டி ஏற்றியவர் பாமாயில் பாக்கெட் வாங்குகிறார். தக்காளி விலை விழுந்தபோது கூடை கூடையாகக் குப்பையில் கொட்டிய வீட்டில், இரண்டு மாதம் சென்றபின் ஒரு தக்காளியை நாலாக நறுக்கிக் குழம்பு வைக்கிறார்கள்.

இதை அறியாமை என்று ஏளனம் செய்வது தகாது. சிறு விவசாயிக்குப் பணம் வேண்டியது ஒரு குறிப்பிட்ட நாளில். கடன் தவணை காத்திருப்பதில்லை. பள்ளிக்கூடச் சம்பளமும் அப்படித்தான். ஆகவே கையில் உள்ளதை உள்ளபடி விற்கிறான். அறுவடைக் காலத்தில் எல்லாரும் விற்பதால் விலையும் அப்போதுதான் மிகத் தாழ்ந்திருக்கிறது. விற்ற அதே பண்டத்தை ஆறு மாதத்துக்குப் பிறகு உயர்ந்த விலைக்கு வாங்க நேருகிறது. ஒரு லிட்டர் பால் விற்ற பணத்துக்கு ஒரு லிட்டர் பால் எந்தக் கடையிலும் கிடையாது. ஒரு கிலோ துவரை விற்ற பணத்துக்கு ஒரு கிலோ துவரம் பருப்பும் கிடையாது. நடுவில் வண்டிக் கூலி, தரகு, உடைக்கும் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் ஏறிக்கொள்கின்றன. வீட்டிலேயே உண்ணும் பண்டத்துக்கு இந்தச் செலவுகளில் பெரும்பகுதி இல்லை. ஆகையால் நாம் விளைவிப்பதற்கு மிகுந்த விலை கொடுக்கும் வியாபாரி நம் வீட்டு அடுப்படிதான். அந்த வியாபாரியைக் கடைசியில் நிறுத்தி வைப்பது எந்த நியாயம்?

நமது நிலம் தர்மபுரி ஜில்லாவில், பாலக்கோட்டுப் பக்கம், இரண்டரை ஏக்கர். அதில் அரை ஏக்கருக்குத்தான் கிணற்றுப் பாய்ச்சல்; மீதி மானாவாரி. வீட்டில் நம் தாயார், மனைவி, இரண்டு குழந்தைகள், நாம் ஆக ஐந்து பேர். ஒரு கறவைப் பசு, நாலைந்து ஆடு, ஆறு நாட்டுக்கோழி. இதில் ஐந்து பேர் நன்றாகச் சாப்பிட முடியுமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை ஊர் அளவில் வைத்து ஆராய்ந்தவர் ஜே. ஸி. குமரப்பா. தஞ்சையில் 1892-ஆம் ஆண்டு பிறந்த அப்பெரியார், 1934-ல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியாக விளங்கினார். சிறைவாசத்தின்போது அவர் எழுதிய பொருளாதார நூலில், ஒரு லட்சம் ஜனங்களுக்குச் சமநிலையான ஆகாரம் கிடைக்க எந்தப் பயிருக்கு எவ்வளவு நிலம் ஒதுக்கவேண்டும் என்று அட்டவணை போட்டுக் காட்டினார். தானியத்துக்கு இவ்வளவு, பருப்புக்கு இவ்வளவு, எண்ணெய் வித்துக்கு இவ்வளவு என்று முதலில் வயிற்றுக்கு ஒதுக்கிவிட்டு அப்பால்தான் வியாபாரம். லட்சம் பேருக்குப் பொருந்தும் கணக்கு ஐந்து பேருக்குப் பொருந்தாதா?

கணக்கு கடினமானதல்ல. நபர் ஒன்றுக்கு நாளைக்கு 200 கிராம் கேழ்வரகு என்றால் ஐந்து பேருக்கு ஒரு கிலோ; வருஷத்துக்கு 365 கிலோ. ஒரு ஏக்கர் மானாவாரிக் கேழ்வரகு சுமாரான வருஷத்தில் 700 கிலோ கொடுக்கிறது. ஆக, பாதிக்குச் சற்று மேல் வீட்டுக்கு, மற்றது விற்பனைக்கு. கேழ்வரகின் நடுவே சால் விட்டு அவரையும் துவரையும் விதைக்கிறோம். தை, மாசியில் பச்சை அவரை. அப்புறம் உலர்ந்த பருப்பு. பின்மழைக்குக் கொள்ளு. எண்ணெய்க்கு நிலக்கடலை: தோலுடன் 160 கிலோவை உடைத்தால் 110 கிலோவுக்கு ஒட்டிப் பருப்புத் தேறுகிறது, செக்கில் ஆட்டினால் ஏறக்குறைய 45 கிலோ எண்ணெய். ஐந்து பேருக்கு ஒரு வருஷத்துக்கு அது போதும். புண்ணாக்குப் பசுவுக்குப் போகிறது. பசுவின் சாணம் நிலத்துக்குத் திரும்புகிறது. கிணற்றடியில் தக்காளி, கத்திரி, மிளகாய். வேலியோரம் முருங்கை, அகத்தி, ஓர் எலுமிச்சை. பசு எட்டு லிட்டர் கறக்கும் நாளில் ஒன்றரை லிட்டர் வீட்டுச் செம்புக்கு, மற்றதே சங்கத்துக்கு.

இங்கே ஒரு நியாயமான ஆக்ஷேபம் எழுகிறது. ரேஷன் கடையில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்காரர்களுக்கு அரிசியை இலவசமாகவே கொடுத்து வருகிறார்கள். கேழ்வரகுக்கோ அரசாங்கமே ஆதரவு விலை அறிவிக்கிறது. 2023-24 பருவத்தில் அது குவிண்டாலுக்கு 3,846 ரூபாய். “ஏன் அண்ணா, ராகி முழுவதையும் விற்றுவிட்டு இலவச அரிசியைச் சாப்பிட்டால் லாபந்தானே?” என்று பக்கத்து நிலத்து இளைஞர் நம்மைக் கேட்டார். பணத்தை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரியே.

ஆனால் தட்டில் விழுவது பணமல்ல. தேசிய உணவூட்ட நிறுவனம் என்று இப்போது ஹைதராபாத்தில் உள்ள ஆராய்ச்சி நிலையம், 1918-ல் நமது குன்னூரில் ஒரு சிறிய அறையில் டாக்டர் மக்காரிசன் தொடங்கிய விசாரணையிலிருந்து வளர்ந்தது. அந்நிலையத்தார் வெளியிட்ட அட்டவணையில், 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருப்பதாகக் கண்டிருக்கிறது. தீட்டிய அரிசியில் அது வெறும் 10. முருங்கைக் கீரையில் 440. வளரும் குழந்தையின் எலும்புக்கும், வயதான தாயாரின் முழங்காலுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். இலவச அரிசியை நாம் வேண்டாமென்று தள்ளவில்லை; இரவில் கொள்ளு ரசத்துடன் அதைத்தான் உண்கிறோம். ஆயினும் காலைக் கூழும் பகல் களியும் நமது குதிரிலிருந்தே வருகின்றன. 2023-ல் தர்மபுரி ஜில்லா ரேஷன் கடைகளில் அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடு, நிலமில்லாதவர்களுக்கு மிகவும் பிரயோஜனமானது. ஆனால் மூட்டை மூட்டையாக விற்றுவிட்டு, இரண்டு கிலோவுக்குப் பையுடன் வரிசையில் நிற்கும் விவசாயியைக் காணும்போது சிரிப்பதா, வருந்துவதா என்று நமக்குத் தெரிவதில்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் பண்டம் குறைந்தால் யாருடைய தட்டில் முதலில் குறைகிறது? ஆண்கள் உழைத்துக் களைத்து வருகிறார்கள் என்று முதலில் படைக்கிறார்கள், அடுத்தது குழந்தைகள், சட்டியில் மிஞ்சியது தாய்க்கு. அவளும் அதே வெயிலில் களை எடுத்தவள்தான். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தச் சோகை. விளைச்சலைப் பெருக்கிவிட்டோம் என்று பெருமை பேசும் நாட்டில், விளைவித்தவளின் உடலில் இரத்தம் இல்லையென்றால் அந்தப் பெருமைக்கு என்ன பொருள்?

ஆகவே நம் வீட்டில் சில வழக்கங்கள் ஏற்பட்டன. பகல் சாப்பாட்டுக்கு ஐந்து பேரும் சேர்ந்தே உட்காருவோம். கீரைக் கடைசலைப் பங்கிட்டு வைத்த பிறகுதான் யாரும் கை வைப்பது. நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 70 முட்டைக்கு மேல் இடுவது அபூர்வம். ஆனதால் ஆறு கோழியின் முட்டையும் குழந்தைகளுக்கும் அவர்கள் தாய்க்குமே ஆகும், விற்பனைக்கு அல்ல. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேருவதற்கு எலுமிச்சையும் நெல்லியும் துணை செய்கின்றன. சாப்பாட்டுடன் பருகும் தேநீர் அதைத் தடுக்கிறது. எனவே தேநீரைச் சாயங்காலத்துக்கு ஒத்திவைத்தோம். இதற்கெல்லாம் காலணாச் செலவில்லை.

இந்த ஏற்பாடு நல்ல வருஷத்தில் மட்டுமே செல்லும் என்று நினைப்பவர்களுக்கு 2016-ஐ நினைவூட்டுகிறோம். அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவில் 100-க்கு 40 பங்குகூட இல்லை. அடுத்த ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. நமது கேழ்வரகு தட்டையாகவே காய்ந்தது. கொள்ளு மட்டும் சிறிது காய்த்தது. கடன் தவணை மாசியில். வியாபாரி ஒருவர், குதிரில் இருந்த பழைய கேழ்வரகை நல்ல விலைக்குக் கேட்டார். நம் மனம் தடுமாறியது. தாயார் சொன்னார்: “ஆட்டை விற்றால் பின்னால் ஒரு குட்டி வாங்கிக்கொள்ளலாம். தானியத்தை விற்றுவிட்டுப் பங்குனியில் யார் வீட்டு வாசலில் போய் நிற்பாய், அப்பா?” ஆடுகளை விற்றுத் தவணையைக் கட்டினோம். கேழ்வரகு எளிதில் பூச்சி விழாத தானியம். பத்திரமாக வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. அந்தக் கோடையில் ஊரில் பலர் கடைக்காரரிடம் கடன் சொல்லிக்கொண்டிருக்கையில், நம் வீட்டில் கூழும் மோரும் கொள்ளுத் துவையலும் குறைவின்றி இருந்தன. பண்டிகைக்குப் புதுத்துணி மாத்திரம் இல்லை.

எல்லாவற்றையும் நாமே விளைத்துக்கொள்ள முடியும் என்று நாம் சொல்லவரவில்லை. உப்பு, வெல்லம், சீரகம், வெங்காயம் வாங்கத்தான் வேண்டும். தக்காளியும் பாலும் விற்காவிட்டால் கல்வியுமில்லை, மருந்துமில்லை. விற்பது தவறன்று, உண்பதற்கு முன்னால் விற்பதே நஷ்டம். குத்தகைக்கு உழுபவருக்கும் கடன் கழுத்தளவு ஏறியவருக்கும் இந்தச் சுதந்திரமும் முழுமையாக இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்களுக்கும் வேலியோரத்தில் இரண்டு முருங்கைப் போத்து நட இடமிருக்கும், அதிலிருந்தாவது தொடங்கலாம்.

வருகிற ஆடியில், விதை வாங்கப் புறப்படுமுன், வீட்டார் அனைவரும் ஒரு மாலை கூடி உட்காருங்கள். குழந்தைகளில் எழுதத் தெரிந்தவர் கையில் நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். வருஷத்துக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு பருப்பு, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு பால் என்று முதல் பக்கத்தில் எழுதச் செய்யுங்கள். அளவு சொல்லவேண்டியவர் அடுப்படியில் நிற்கும் அம்மாள். அவரை முதலில் பேச விடுங்கள். அதன் பிறகு, எந்தச் சாலில் எதை விதைப்பது, எதைச் சந்தைக்கு அனுப்புவது என்று நிச்சயிக்கலாம்.