ஜாயிண்ட் ஃபோட்டோ

நைனா ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருக்கும்போது அம்மாவுக்கு ஃபோன் போட்டார். வீட்டை விட்டுப் போன பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்கென்று நேராக வந்த முதல் ஃபோன். "பென்ஷன் பேப்பர்ல வைக்க ஜாயிண்ட் ஃபோட்டோ கேக்கறாங்க. மூணு காப்பி" என்றாராம். அம்மா ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தாளுக்கும் எனக்கும் இன்னாடா ஜாயிண்ட்டு கீது?"

கோபத்தில் கேட்டதுதான். ஆனால் அந்தச் சொல் என் மண்டையில் மாட்டிக்கொண்டது. ராயபுரத்தில் வளர்ந்தவன் நான். ஜாயிண்ட்டை எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறேன்! மழைக்காலம் வந்தால் பாட்டிக்கு 'ஜாயிண்ட் ஜாயிண்ட்டா' வலிக்கும். தெருப் பைப் ஒழுகினால் ஜாயிண்ட்டில்தான் ஒழுகும். பட்டறை அண்ணன் உடைந்த கேட்டுக்கு 'ஜாயிண்ட் அடித்து'த் தருவார். நேற்றுவரை சட்டையைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேர் இன்று ஒரே பெஞ்சில் டீ குடித்தால் 'ஜாயிண்ட் போட்டுட்டானுங்க'. சித்தப்பா, பெரியப்பா எல்லாம் ஒரே கூரை என்றால் ஜாயிண்ட் ஃபேமிலி. பெண் கொடுக்க வருகிறவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

'ஜாயின்' தனிக்கதை. இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு நேராக ஒரு செயப்படுபொருள் வேண்டும். நம் வாயில் அது அப்படி நிற்பதில்லை. யாரும் 'காலேஜை ஜாயின் பண்ணேன்' என்று சொல்வதில்லை. 'காலேஜ்ல ஜாயின் பண்ணேன்' என்றுதான் வரும். உள்ளே இருப்பது நம்முடைய 'சேர்ந்தேன்'. சட்டை மட்டும்தான் இங்கிலீஷ். 'கனெக்ட்' இன்னும் மோசம், அதாவது இன்னும் நம்மாள். 'எனக்கு அந்தப் படம் கனெக்ட் ஆவல.' நான் எதையும் செய்யவில்லை. எனக்கு அது ஆகவில்லை, அவ்வளவுதான். பசிக்கிற மாதிரி, பிடிக்கிற மாதிரி, தானாக ஆக வேண்டியது. 'செட் ஆவல' என்பதும் அதே ரகம். நைனா ஏன் போனார் என்று யார் கேட்டாலும் அம்மா பன்னிரண்டு வருஷமாகச் சொன்ன பதில் அந்த இரண்டு சொல்தான்: "செட் ஆவல." அதில் யார்மீதும் குற்றம் இல்லை. அவள் ஏன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

ஏனென்றால் தெரு வேறு ஒரு சொல் வைத்திருந்தது. ஒன்பதாவது படிக்கும்போது தண்ணி லாரி வரிசையில் குடத்தோடு நிற்கிறேன். பின்னால் நின்ற அக்கா இன்னொரு அக்காவிடம், "இவன் நைனாவுக்குத் தொண்டியார்பேட்டைல ஒரு கனெக்‌ஷன் கீதாமே" என்றாள். அப்போது அம்மா ரெண்டாவது சிலிண்டருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அலைந்துகொண்டிருந்தாள். நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போய், "நைனா தொண்டியார்பேட்டைல கேஸ் கனெக்‌ஷன் வாங்கிட்டாராம்மா" என்று சொன்னேன். அம்மா குடத்தை வாங்கி உள்ளே வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

பாவம், அது அந்த இங்கிலீஷ் சொல்லின் தப்பில்லை. இணைவதைச் சொல்லும் எந்தச் சொல்லையும் நாம் கொஞ்ச நாளில் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறோம். தொடர்பு நல்ல சொல். பேப்பர்காரர்கள் முன்னால் ஒரு 'கள்ள' சேர்த்தார்கள். தொடுப்பு கெட்டது. சேர்க்கை கெட்டது, 'அவன் சேர்க்கை சரியில்ல.' தொல்காப்பியத்தில் புணரியல் என்று ஒரு இயலே இருக்கிறது. இரண்டு சொல் பக்கத்தில் வந்தால் நடுவில் எந்த எழுத்து தோன்றும், எது திரியும், எது கெடும் என்று சொல்லித்தருகிற இலக்கணம். எங்கள் தமிழய்யா 'புணர்ச்சி' என்று போர்டில் எழுதியதும் கடைசி பெஞ்ச் சிரித்த சிரிப்பில் அந்தப் பீரியட் போனது. கனெக்‌ஷனும் அதே வழியில்தான் போனது.

நைனாவுக்கு ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் வேலை, தொண்டியார்பேட்டை யார்டில். அவர் சொல் 'கப்ளிங்'. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து இந்தப் பக்கத்தில் யாராவது ஒருவர் இரண்டு பெட்டிக்கு நடுவில் குனிந்துகொண்டுதான் இருக்கிறார். சின்ன வயதில் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பஃபருக்குக் கீழே புகுந்து, இந்தப் பெட்டியின் வளையத்தைத் தூக்கி அந்தப் பெட்டியின் கொக்கியில் மாட்ட வேண்டும். பிறகு நடுவிலிருக்கும் திருகை முறுக்கிக்கொண்டே வர வேண்டும். லூசாக விட்டால் வண்டி கிளம்பும்போது உதறும். பெரம்பூர் ஐ.சி.எஃப்-இல் 1955-இலிருந்து வந்த பழைய மாடல் பெட்டிகள் பெரும்பாலும் அந்தத் திருகில்தான் ஓடின. அந்த மாடலை 2018-இல் நிறுத்திவிட்டார்கள். கூட்ஸ் வேகனிலும் புது எல்.எச்.பி. பெட்டிகளிலும் இருப்பது வேறு வகை. விரலை மடக்கி நீட்டிய கை மாதிரி இருக்கும். இரண்டு கையும் மோதினால் தானாகப் பிடித்துப் பூட்டிக்கொள்ளும். கழற்றத்தான் பக்கத்தில் நின்று கைப்பிடியை இழுக்க வேண்டும். (பிரேக் ஹோஸை இப்போதும் கையால்தான் மாட்ட வேண்டும்.) "இதுல சேர்றதுக்கு ஆளு வேணாம்டா, பிரிக்கத்தான் ஆளு வேணும்" என்பார். வேலையைப் பற்றித்தான் சொன்னார். அவர் போனபிறகு நான் அதை வேறு மாதிரி நினைத்துக்கொண்டேன் என்பதற்கு அவர் பொறுப்பில்லை.

என் பிழைப்பும் ஜாயின்தான். காலையில் 'எல்லாரும் ஜாயின் ஆயிட்டாங்களா' என்று ஆரம்பிக்கிற மீட்டிங், 'ஆஃப்லைன்ல கனெக்ட் ஆவோம்' என்று முடிகிறது. நடுவில் டேட்டாபேஸில் அட்டவணைகளைக் கோப்பது. அதில் இன்னர் ஜாயின் என்று ஒன்று. இரண்டு பக்கமும் பொருந்துகிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். லெஃப்ட் ஜாயின் என்றால் இடப்பக்கப் பட்டியலில் இருக்கும் எல்லாரும் அப்படியே நிற்பார்கள், வலப்பக்கம் ஜோடி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஜோடி இல்லாத இடத்தில் 'நல்' என்று விழும். நல் என்பது சைபர் இல்லை. சைபர் என்றால் எண்ணிப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தது. நல் என்றால் அந்தப் பக்கத்தில் எண்ணுவதற்கே ஏதும் இல்லை. எங்கள் ரேஷன் கார்டில் நைனா பெயர் கடைசிவரை இருந்தது. அம்மா எடுக்கச் சொல்லவே இல்லை.

ஒரு காலத்தில் எனக்கு ஒரு தியரி இருந்தது. கழற்றக் கூடியதற்கெல்லாம் இங்கிலீஷ்: ஜாயின், கனெக்‌ஷன், கப்ளிங், வண்டியைக் கம்பெனிக்கு 'அட்டாச்' பண்ணுவது. கழற்றக் கூடாததற்குத் தமிழ்: ஒட்டு, உறவு, கட்டு. அம்மா கோபத்தின் உச்சத்திலும் 'கட்டுனவன்' என்றுதான் சொல்வாள். இதைக் காசிமேட்டு நண்பன் ஒருவனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் தாத்தா கட்டுமரக்காரர். அவன் சிரித்துவிட்டான். "டேய், கட்டுமரத்த கரைக்கு வந்தா அவுத்துப் போட்டுருவாங்கடா. அவுத்துக் காய வெக்கலன்னா மரம் ஊறிப்பூடும். மறுநாளு திரும்ப கட்டுவாங்க." தியரி அன்றோடு கடலில் போனது. இங்கிலீஷ்காரன் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட இணைப்புச் சொல்லே அதுதான். டாம்பியர் என்ற கடலோடி 1697-இல் வெளிவந்த தன் பயணப் புத்தகத்தில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை அந்தப் பெயரிலேயே எழுதியிருக்கிறார். இன்று அவர்கள் கட்டமரான் என்பது நெருக்கிக் கட்டிய மரங்கள் இல்லை. ஒன்றையொன்று தொடாமல் மிதக்கும் இரண்டு உடல், மேலே ஒரு தளம்.

ஃபோட்டோவுக்கு வருகிறேன். "தனித்தனியா எடுத்துக் குடுங்க, சிஸ்டத்துல ஜாயின் பண்ணித் தரேன்" என்றேன். அது ஒன்றும் புதிதில்லை. செத்துப்போன அப்பாவைக் கல்யாண ஃபோட்டோவில் நிறுத்துவதெல்லாம் நம் ஸ்டுடியோக்களில் தினசரி வேலை. நைனா சரி என்றார். அம்மாதான் மாட்டேன் என்றாள்.

"ஒட்டு வேலையெல்லாம் வேணாம். பதினேழு வருசம் சோறாக்கிப் போட்டிருக்கேன். வந்து பக்கத்துல குந்தச் சொல்லு."

எம்.சி. ரோட்டுப் பக்கம் மாடியில் ஒரு ஸ்டுடியோ. நைனா முன்னாலேயே வந்து படிக்கட்டில் நின்றிருந்தார், தலைக்கு டை அடித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். அத்தை வீட்டு மாடியில் தனியாகத்தான் இருந்தார் அப்போது. அந்தக் 'கனெக்‌ஷன்' உண்மையா பொய்யா என்று எனக்கு இன்றும் தெரியாது. அம்மா நீலப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஸ்டூல் இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரலாம்.

ஸ்டுடியோக்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "ஐயா, கொஞ்சம் ஜாயிண்ட்டா உக்காருங்க" என்றார்.

நைனா அசையவில்லை. அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தோள் இடித்தது.

ஐந்து வருஷத்தில் நைனா போய்விட்டார். அந்தப் பேப்பர் ஒழுங்காக இருந்ததால் ஃபேமிலி பென்ஷன் அலைச்சல் இல்லாமல் அம்மா பேருக்கு மாறியது. நவம்பர் வந்தால் லைஃப் சர்டிபிகேட்டுக்கு நான்தான் வண்டியில் கூட்டிப் போகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் தேவைப்பட்டது. தேடியதில் உருப்படியாக இருந்தது அந்த ஒன்றுதான். அதே ஸ்டுடியோவுக்குப் போனோம். பெரியவர் இல்லை, பையன் இருந்தான். ஸ்கிரீனில் நைனாவை மட்டும் தனியாகக் கத்தரித்து எடுத்தான். இடது ஓரத்தில் நீலமாக ஒரு துண்டு ஒட்டிக்கொண்டே வந்தது. அம்மாவின் தோள்.

"இத எடுத்துரட்டா ஆன்ட்டி? பேக்கிரவுண்டு போட்டா தெரியாது" என்றான்.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "இருக்கட்டும் கண்ணு" என்றாள். "ஃபிரேம் மட்டும் நல்லதா போடு."