தலைக்கு மேலே ஒரு லோன்!

கூரைச் சட்டத்துக்கு மரமா, அலுமினியமா?

'வீடு கட்டுறீங்களா சார்?' என்று கேட்காதீர்கள். வீடுதான். ஆனால் சக்கரம் வைத்த வீடு!

1912-லேயே டி.வி.சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்ட ஊர் மதுரை. வண்டி ஆசை இங்கே தண்ணியிலேயே கலந்திருக்கிறது. என் மனைவியின் தம்பி, 2021-ல் கேரள அரசு கேரவன் டூரிஸத்துக்குத் தனிக் கொள்கை வெளியிட்டதை எங்கேயோ படித்துத் தொலைத்தான்.

"மாமா, கார் பின்னால கோத்து இழுக்கிற மாதிரி ஒரு வீடு. கொடைக்கானல், ராமேஸ்வரம்னு வாடகைக்கு விட்டா காசு கொட்டும்!"

கொட்டுமோ என்னவோ... ஆபீஸ் சொசைட்டி லோன் என் பேரில். கூரை ஒழுகினால், ஒழுகுவது என் சம்பளம்!

பாடி கட்டுகிற பட்டறையில் இரண்டு கட்சி. ஆசாரி சொன்னார்: "தம்பி, மரம் சூட்டை உள்ளே விடாது. ஸ்க்ரூவைக் கவ்விப் பிடிக்கும். வழியில உடைஞ்சாலும் எந்த ஊர்லயும் ஒரு ஆசாரி கிடைப்பாரு."

வெல்டர் விடவில்லை. "அண்ணே, ஒரு பொட்டுத் தண்ணி இறங்கட்டும். மேல தகடு பளபளன்னு இருக்கும், உள்ள மரம் உளுத்து மாவாயிருக்கும்!"

இருவர் சொன்னதும் நிஜம். அமெரிக்காவில் 1936-லேயே 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' அலுமினிய உடம்போடு ஓடியது. அலுமினியம் லேசு என்கிறோம். ஆனால் அதே அளவு தேக்குக் கட்டையைவிட அது சுமார் 4 மடங்கு கனம். உள்ளே கூடான குழாயாகப் போடுவதால்தான் எடை குறைகிறது.

அடுத்தது சூடு. மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும் அலுமினியம். சித்திரை வெயிலில் உள்ளே இட்லி அவிக்கலாம். சுமார் 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் வேறு கூத்து. ராத்திரி நாம் விடும் மூச்சின் ஈரமே குளிர்ந்த சட்டத்தில் பட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கும். ஓட்டையே இல்லாமல் ஒழுகும் கூரை!

வெயில் 30 டிகிரி ஏறினால், 5 மீட்டர் அலுமினியச் சட்டம் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ராவில் சுருங்கும். ஜாயின்ட்டில் பூசிய பசை இந்த இழுபறியில்தான் பிளக்கிறது. ராமேஸ்வரம் உப்புக் காற்றில், இரும்பு ஸ்க்ரூ தொட்ட இடத்தில் அலுமினியம் அரித்துப் போகும்.

கடைசியில் பஞ்சாயத்து முடிந்தது. சட்டம் அலுமினியக் குழாய். இரும்பு ஸ்க்ரூவுக்குப் பதில் அலுமினிய ரிவெட். இடைவெளியில் தெர்மோகோல். சட்டத்துக்கும் உள்பக்க பிளைவுட்டுக்கும் நடுவே சூடு தாண்டாமல் ரப்பர் பட்டை. கட்டில், அலமாரி ஆசாரி கையில்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆசாரியும் வெல்டரும் ஒரே குரல்: "எதைப் போட்டாலும், வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னாடி மேல ஏறி ஒவ்வொரு ஜாயின்ட்டையும் பார்த்திரணும்."

"யாரு ஏர்றது?" என்றேன்.

மச்சான் என்னைப் பார்த்தான். நியாயம்தான். 60 தவணை பாக்கி வைத்திருக்கிறவன்தானே ஏற வேண்டும்!