இரண்டு மணிக்கு எழும் வேலைக்காரன்

எதிரே நின்று சொன்னால் ஒழுங்காகச் செய்கிற வேலையை, நாம் ஊரில் இல்லாதபோது கோட்டை விட்டுவிடும் ஆட்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். "சுத்தச் சோம்பேறி!" என்று உடனே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். கம்ப்யூட்டரும் இதே காரியத்தைச் செய்யும் என்று தெரிந்த பிறகு எனக்கு அந்தத் தீர்ப்பின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குச் சோம்பல் ஏது?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊர் ஊராகச் சென்று, வயதான பெண்களைப் பாடச் சொல்லித் தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்து வருபவர். பாடியவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. அவர்கள் குரலெல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்தது. "டிஸ்க் கெட்டுப்போனால் யாரை மறுபடி பாடச் சொல்வது?" என்பது அவர் கவலை.

அவருடைய பேரன் லினக்ஸ் தெரிந்த பையன். பதிவுகளை நகல் எடுத்து வெளியூர்க் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு அனுப்பும் கட்டளையை எழுதினான். அடித்துப் பார்த்தான், அழகாக வேலை செய்தது. பிறகு அதைக் கிரானிடம் ஒப்படைத்தான். கிரான் என்பது, குறித்த நேரத்தில் குறித்த கட்டளையை நிறைவேற்றும் ஓர் ஊழியன். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இருந்தவன். ‘0 2’ என்று எழுதி, அடுத்து மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டால், தினமும் இரவு 2 மணிக்கு எழுந்துவிடுவான்.

எழுந்தான். ஆனால் பத்து நாள் கழித்துப் பார்த்தால், வெளியூரில் புதிய பதிவு ஒன்றுகூட இல்லை!

"ஏண்டா, அன்றைக்கு என் கண்ணெதிரே ஓடிற்றே?" என்றார் ஆசிரியர்.

"நான் ஓட்டினால் ஓடுகிறது, தாத்தா. தானாக ஓடவேண்டிய நேரத்தில்தான் ஓடவில்லை."

நோய் இன்னதென்று அந்தப் பதிலிலேயே இருந்தது. பையன் உள்ளே நுழைந்து உட்காரும்போது, கம்ப்யூட்டர் அவனுக்காகப் பல சௌகரியங்களைச் செய்து வைக்கிறது. புரோகிராம்களை எந்தெந்த அலமாரியில் தேடுவது, எழுத்துக்களை எந்த முறையில் படிப்பது என்றெல்லாம் ஏற்பாடு உண்டு. கிரானுக்கு அந்த உபசாரம் கிடையாது. பெரும்பாலும் ‘பின்’, ‘யூஎஸ்ஆர் பின்’ என்ற இரண்டே அலமாரிகள்தான் அவனுக்குத் தெரியும். நகல் எடுக்கும் புரோகிராமோ, மூன்றாவதாக ‘யூஎஸ்ஆர் லோக்கல் பின்’னில் இருந்தது. போதாததற்கு, பையன் பாட்டுகள் இருந்த போல்டரில் நின்று கட்டளையிட்டான். கிரான் வீட்டு வாசலிலிருந்து, அதாவது ஹோம் போல்டரிலிருந்து, கிளம்புகிறவன்.

அவன் புகார் சொல்லாமலும் இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் தபால் பெட்டியில் கடிதம் போடுவது அவன் வழக்கம். அங்கே தபால் ஏற்பாடே இல்லாததால் புகார் காற்றோடு போயிற்று.

பையன் செய்த பரிசோதனை எனக்குப் பிடித்திருந்தது. கட்டளையை அங்குமிங்கும் மாற்றிப் பார்க்கவில்லை. "உன்னிடம் என்ன இருக்கிறது, சொல்" என்று கிரானையே கேட்டான். நிமிஷத்துக்கு ஒரு முறை ‘என்வ்’ என்ற கட்டளையை ஓட்டி, விடையைப் பைலில் எழுத வைத்தான். தன்னுடைய பட்டியலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவனுடையது பக்கம் நிறைய இருந்தது. கிரானுடையது சில வரிகளோடு முடிந்துவிட்டது. பிறகு தன் சௌகரியங்களையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, அந்தச் சில வரிகளை மட்டும் கொண்டு, ஹோம் போல்டரிலிருந்தே கட்டளையை ஓட்டினான். இரவில் விழுந்தது போலவே பட்டப்பகலில் விழுந்தது!

நோயைப் பகலில் வரவழைத்துவிட்டால் வைத்தியம் சுலபம். புரோகிராமுக்கும் போல்டருக்கும் முழு விலாசம் எழுதினான். எழுத்து முறையைச் சொல்லும் வரியையும் சேர்த்தான். அது இல்லாவிட்டால் சில புரோகிராம்கள் தமிழ்ப் பெயர்களைக் கேள்விக்குறிகளாக்கிவிடும். புகார்களை ஒரு பைலில் எழுதவும் ஏற்பாடு செய்தான்.

நம் கண்முன் நடக்கும் காரியத்தில் எத்தனை பங்கு நம்மால் நடக்கிறது என்று நமக்குத் தெரிவதில்லை. சொல்லாமலே நாம் கொடுத்துவிடும் உதவிகள் அத்தனை. நாம் இல்லாத இடத்தில் ஒருவன் தடுமாறினால், அவன் கையில் என்ன இருந்தது என்று முதலில் கேட்பதுதான் நியாயம்.

ஆசிரியர் மட்டும் இன்னும் முழுதாக நம்பிவிடவில்லை. வாரம் ஒரு முறை, வெளியூர் நகலிலிருந்தே ஒரு தாலாட்டை வரவழைத்துக் கேட்கிறார். பாட்டு கடைசி வரை ஓடி முடிந்த பிறகுதான் எழுந்திருக்கிறார்.